மூன்றாம் கட்டத்துக்குக் கொஞ்சம் மேலே

பதினொரு மாதம்
பீரோவின் தோளில் கிட்டாரின் தலையைச் சாய்த்து
இரும்பில் காதை ஒட்டி வாசித்தேன்.
தடித்த கம்பியைத் தட்டினால்
உள்ளே மடித்து வைத்த கம்பளிகளைத் தாண்டி
அடுத்த வீட்டில் யாரோ பேசுவதுபோல் வரும்.
ஆம்ப் இல்லாத பேஸ் கிட்டார்
நாலு கம்பி போட்ட பலகை.
"வாசிக்கிறியா, வாசிக்கிற மாதிரி நிக்கிறியா?"
என்பான் பெள்ளிராஜ்.
டிரம்ஸுக்குக் கரண்ட் வேண்டாம்,
அவன் பேசுவான்.

குன்னூரில், பெட்போர்டுக்கு மேலே
நூற்றுப்பத்துப் படி ஏறினால்
ஹெர்பர்ட் குணசீலன் வீடு.
கதவைத் திறந்தவர்
என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.
"வாசிக்கிறவர் வரலையா?"
"வந்தாச்சு" என்றேன்.

துணி அலமாரிக்குள் இருந்தது,
நைலக்ஸ் புடவை போர்த்தி,
பக்கத்தில் நாற்பது வாட் பல்பு எரிய.
மேகம் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வருகிற ஊரில்
கோட்டுக்கும் கல்யாண ஆல்பத்துக்கும்
ஏற்றி வைக்கிற அதே பல்பு.
ஏழு குமிழில் ஒன்றைக் காணோம்.
அந்த இடத்தில் பற்பசை மூடி.
"மிட்," என்றார். "நான் அதிகம் தொடறதில்ல."

மனப்பாடம் செய்து போயிருந்தேன்:
பிளக்கை ஆட்டிப் பார்,
குமிழ் ஒவ்வொன்றையும் கடைசிவரை திருகு,
கரகரக்கிறதா கேள்.
செய்தது என்னவோ
குனிந்து அதன் முதுகை முகர்ந்ததுதான்.
தூசி. அந்துருண்டை.
எரிந்த வாடை இல்லை.
ஸ்பீக்கர் காகிதத்தின் ஓரத்தில்
பொட்டு அளவு வெள்ளைப் பூசணம்.
"அதனால ஒண்ணுமில்ல."
"அதனால ஐந்நூறு குறைங்க."

பத்தாயிரம் கேட்டவர்
ஏழாயிரத்து எண்ணூறில் நின்றார்.
எல்லாம் நூறு ரூபாய்த் தாள்.
பாதி எண்ணியவர்
மீதியை என் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டார்.
கேபிளைச் சும்மா தந்தார்.
புடவையைத் தரவில்லை.

முப்பத்தோரு கிலோ.
சிலிண்டர் போட வந்த பையன்
கேட்காமலே தோளில் வாங்கிக்கொண்டான்.
அறுபதாம் படியில் மூச்சு வாங்கி
"காலியாக்கா, ஃபுல்லா?"
"ஃபுல்லு."

கோத்தகிரிப் பேருந்தில்
பெண் என்பதால் எனக்குக் காசில்லை.
அதற்கு இருபத்தெட்டு ரூபாய்.
"மைக் செட்டா? எந்தக் கட்சி?" என்றார் கண்டக்டர்.
வண்டிச்சோலையில் ஏறிய அம்மா ஒருவர்
மடியில் முட்டைக்கோஸ் மூட்டையோடு
அதன் மேலேயே உட்கார்ந்தார்.
கட்டபெட்டு வரை நான் வாயைத் திறக்கவில்லை.
தாங்குமா என்று
அதையும்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இரவு எட்டரை.
சுவிட்சைப் போட்டதும் குண்டு பல்பு ஒருமுறை கண்மூடித் திறந்தது.
கம்பியைத் தொடவே இல்லை,
அதற்குள் ம்ம்ம் என்று ஒரு இரைச்சல்.
போச்சு, ஏழாயிரத்து எண்ணூறு.
அணைத்தேன்.
இரைச்சல் மெலிந்தது, ஓயவில்லை.

மிச்சம் சரிவுக்குக் கீழே இருந்து வந்தது,
தொழிற்சாலையில் இலை வாட்டுகிற விசிறிகள்.
ஆறு வருடமாக அவற்றின் நடுவே நின்று
மூட்டை எடை போடுகிறேன்.
ஒருநாளும் காதில் விழுந்ததில்லை.

மறுபடி போட்டேன்.
அதுவும் இதுவும் ஒரே சுருதி.
மூன்றாம் கட்டத்தில் விரலை அழுத்தித் தட்டினேன்.
அடுக்கில் ஒரு தட்டு நகர்ந்தது.
தகரத்தில் எங்கோ ஒரு ஆணி பேசியது.
பக்கத்து வீட்டு ரதிதேவி சுவரைத் தட்டினாள்,
இரண்டு முறை, தாளம் தப்பி.

கரண்ட் கொஞ்சம் மேலே,
நான் கொஞ்சம் கீழே.
நடுவில் ஒரு அலை
வந்து போய், வந்து போய்.
ட்யூனர் பச்சை காட்டியது, சரி என்றது.
முறுக்காணியை ஒரு மயிரிழை திருகினேன்.
ட்யூனர் சிவந்தது.
அலை நின்றது.